தியத்தலாவையில் தங்கிப்போன கைதி

பதுளை ரயில் தியத்தலாவையைக் கடக்கும்போதெல்லாம் என் கண் இராணுவ முகாமின் வேலிக்குத்தான் போகும். 2009இல் பல மாதங்கள் முட்கம்பிக்குள் இருந்தவன் நான்.

தியத்தலாவை முதலில் கைதிகளின் ஊர். தென்னாபிரிக்காவில் நடந்த போரில் பிரித்தானியர் பிடித்த போயர்களை 1900 முதல் இங்கே கொண்டுவந்தார்கள். சுமார் 5,000 பேர், தகரக் கொட்டில்களில். அவர்களில் ஒருவர் ஹென்றி எங்கல்பிரெக்ட்.

1902இல் போர் முடிந்தது. பிரித்தானிய மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். எங்கல்பிரெக்ட் மறுத்தார். அதனால் இலங்கையிலேயே தங்கிப்போனார். அம்பாந்தோட்டைப் பக்கம் போய், யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதல் காவலரானார்.

முதலாம் உலகப் போர் தொடங்கியதும் பழைய அடையாளம் அவரைத் தேடி வந்தது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு விட்டார்கள். 1922இல் அம்பாந்தோட்டையில் இறந்தார். அந்தக் கதை பொய் என்பது பின்னாளில் கப்பலில் இருந்தவர்கள் வழியாகவே தெரிந்தது.

விடுதலைக் கடிதம் கையில் இருந்தும், நாட்டில் எது நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுகிறவர்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வெள்ளைக்காரக் கைதியின் கதையை எழுதுகிறேன்.