அறமும் அரங்கமும்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகள் உண்டு. ஒன்று வாழ்த்து. மற்றொன்று, அவர் புராணத்தைவிட்டு வெளிவராதவர், விதியையும் கற்பையும் பாடியே காலங்கழித்தவர் என்னும் குறை. குறை சொல்வோர் காட்டும் செய்திகள் மெய்யே. ஆயினும் அப்பழைய நம்பிக்கைகள் அவர்தம் நாடகங்களின் உருவத்தை எவ்வாறு சமைத்தன என்பதைக் காணாமல் அவரை அளந்துவிட இயலாது.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு தாமோதரக் கணக்கப்பிள்ளையின் மகனாகப் பிறந்தார். தந்தையார் இராமாயணத்தில் தோய்ந்த புலவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு முறையாகக் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்றவர். சிலகாலம் உப்புத் தொழிலில் கணக்கராக இருந்து, 1891இல் தமது 24ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அதே ஆண்டுதான். முதலியார் படித்தவர்களை அரங்கேற்றி உரைநடைக்கு ஏற்றம் தந்தார். சுவாமிகளுக்கு வாய்த்ததோ, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் பிழைத்த தொழில்முறைக் குழுக்கள்.

இரணியன், இராவணன், எமன் முதலிய கொடிய வேடங்களில் அவர் புகழ்பெற்றார். அவர் எமனாகத் தோன்றியதைக் கண்டு அஞ்சிய ஒரு கருவுற்ற பெண்ணுக்குக் கரு சிதைந்தது என்றும், அதன்பின் அவர் வேடந்தரிப்பதையே விட்டார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. துறவு நெறியில் நின்று, தலயாத்திரை செய்து, மீண்டு வந்தபோது அவர் சுவாமிகள் ஆகியிருந்தார். நடிப்பதினும் எழுதுவதும் பயிற்றுவதுமே அவர் பணியாயின.

அக்கால மேடையில் நடிகர் நினைத்ததே பேச்சு, தெரிந்ததே பாட்டு. அவர் இதற்கு அணை கோலினார். பாடலோடு உரையாடலையும் எழுதிக் கொடுத்து, கதைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நாடகம் அறத்தை உணர்த்தவேண்டும் என்று கருதியவருக்கு, அச்சொல் தடம்புரளாமல் நிற்கவேண்டியிருந்தது. மரபில் அவர் கொண்ட பிடிப்பே மேடைக்கு எழுத்தை வழங்கிற்று.

சத்தியவான் சாவித்திரியை எடுத்துக்கொள்வோம். கணவனின் ஆயுள் முடிந்தது. விதிப்படி உயிரைக் கொண்டு செல்கிறான் எமன். விதியை நம்பும் ஆசிரியர் எமனைக் கேலிப்பொருளாக்க முடியாது. கற்பை நம்பும் ஆசிரியர் சாவித்திரியைத் தோற்கவும் விடமுடியாது. எஞ்சிய வழி வாதம். எமனும் அறம் பேசுகிறான். அவளும் அறம் பேசுகிறாள். அவன் அளித்த வரத்தைக் கொண்டே அவனைக் கட்டிப்போடுகிறாள். பெண்ணுக்குப் பொறுமையே அணி என்று எண்ணிய காலத்தில், மேடையின் கூர்மையான தர்க்கம் ஒரு பெண்ணின் வாயில் வைக்கப்பட்டது! இதனைப் புதுமைக் கருத்து என்று கூறுதல் மிகை. அவள் வாதிட்டதும் கணவனுக்காகவே. ஆனால் பழைய நம்பிக்கை இரண்டு ஒன்றோடொன்று மோதியதால் பிறந்த நாடகம் அது. வள்ளி திருமணத்திலும் வேலனுக்கும் வள்ளிக்கும் இடையே எழும் தர்க்கமே மக்களை விடியுமட்டும் அமர்த்தி வைத்தது.

பெரியவர்களிடம் கட்டுப்பாடு காணாமல் சலித்த சுவாமிகள், சிறுவர்களை நாடினார். 1918இல் மதுரையில் அவர் ஆசிரியராக விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை ஒரு குருகுலம் போன்றது. அங்கே ஆறு வயதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்காக அவர் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே பதிவுசெய்துள்ளார். தமிழ் ஒலிப்பும் பண்பட்ட நடிப்பும் இம்முறையால் வளர்ந்தன. வீட்டைப் பிரிந்த பிள்ளைகளுக்கு அவ்வாழ்க்கை கடுமையானது என்பதையும் மறைக்கலாகாது.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. விதியை ஐயுறும் மாந்தரை, அந்த ஐயம் தீராமலே விட்டுவிடும் துணிவு அவர் நாடகங்களில் இல்லை. தம் காலத்துக் குடும்பமும் கடைத்தெருவும் அவர் மேடையை எட்டவில்லை. அவற்றைப் பிறர் எழுதவேண்டியிருந்தது. அவர் மாணவர்களே பின்னாளில் சமூக நாடகங்களையும் தேசிய நாடகங்களையும் நடித்தனர். நடிக்கும் திறனை அவரிடமே பெற்றிருந்தனர்.

இறுதிநாளில் பக்கவாதம் கையையும் வாயையும் முடக்கியது. பாடல் பொழிந்தவர் பேச்சின்றி, பிள்ளைகள் நடிப்பதைப் பார்த்திருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்தித்தும் நாடகம் நடத்திவிடுகிறார்கள். அனைவருக்கும் சுவாமிகளின் பாடம் பொது என்பதே காரணம். அப்பாடத்தின் நடுவே, அவர் அடக்க முயன்ற அந்தச் சொந்தப் பேச்சையும் அவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள்.