நியூயார்க்கிலிருந்து திரும்பியவர்

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 21 வயதில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே திருச்சபை என்னும் சமூகம்தான். ஆனால், ஏட்டில் எழுதியதை அவர் உயிரோடு கண்டது 1930-31-இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களின் சபையில். அங்கே ஞாயிறு பள்ளியில் பாடமும் சொன்னார்.

ஜெர்மன் திருச்சபையின் பெரும்பகுதி ஹிட்லருக்கு இணங்கியபோது, மறுத்தவர்கள் தனித்துத் திரண்டனர். அவர்களின் இளம் போதகர்களுக்காக 1935-இல் ஃபின்கன்வால்டேயில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் படிப்புக்கு இணையான இடம் கூடிவாழ்தலுக்கு இருந்தது. சேர்ந்து ஜெபித்தனர், சேர்ந்து உண்டனர், தம் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டனர். இரண்டே ஆண்டுகளில் ரகசியக் காவல்துறை அதை மூடியது.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக் காக்க முயன்றனர். ஒரு மாதம்கூட அவரால் தங்க இயலவில்லை. துன்பத்தைத் தம் மக்களோடு பகிராதவருக்குப் பின்னாளில் அவர்களிடையே பணியாற்ற உரிமையில்லை என்று கருதினார். தூக்குமேடையைவிட இந்தக் கப்பல் பயணமே அவர் வாழ்வின் உச்சம் என்று தோன்றுகிறது.

ஹிட்லருக்கு எதிரான சதியில் இணைந்த அவர் 1943-இல் கைதானார். 1945 ஏப்ரல் 8, ஞாயிறு. ஷோன்பெர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டிருந்த சக கைதிகள் அவரை வழிபாடு நடத்தக் கேட்டனர். பலர் கத்தோலிக்கர், ஒரு ரஷ்யரோ நாத்திகர். தயங்கினார். அந்த ரஷ்யரும் விரும்பவே இசைந்தார். வழிபாடு முடிந்ததும் காவலர்கள் வந்தனர். மறுநாள் விடியலில் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39.