திக்குவாயும் திடசித்தமும்

நாவன்மை வாய்த்தவர்களின் சரித்திரங்களைப் படித்து வியக்கிறோம். நாவே பகையாய் நிற்க, பேசுவதே கடமையாய் அமைந்த ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று அறிவது வாலிபர்களுக்கு அதனிலும் மிக்க பயன் தருவதாகும். பிரித்தானியாவின் மன்னராகவும், 1948 முதல் 1952 வரை சுதந்திர இலங்கையின் மன்னராகவும் இருந்த ஆறாம் ஜோர்ஜ் அத்தகைய ஒருவர்.

அவர் 1895 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆந் திகதி, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரின் இரண்டாம் புதல்வராகப் பிறந்தார். இயற்பெயர் அல்பேர்ட். ஏறக்குறைய எட்டாம் வயதில் அவரிடம் திக்குவாய் தலைகாட்டிற்று. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கையால் எழுதும்படி வற்புறுத்தினர். முழங்கால்கள் உட்புறம் வளைந்திருந்தமையால் நோவு தரும் சிம்புகளை வைத்துக் கட்டினர். தந்தையாரோ கண்டிப்பானவர், மகன் சொல்லெடுக்கத் தடுமாறினால் பொறுமை இழப்பார்.

அவர் மாணவராயிருந்தபோது, அரையிற் பாதி எவ்வளவு என்று ஆசிரியர் ஒருவர் கேட்டதாகச் சொல்வர். கால் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ககர ஓசையிலேயே தொடங்குவது. அவ்வோசையே அவர் நாவை மிகவும் தடுத்தது. ஆதலால் வாய் திறவாது நின்றார். விடை தெரிந்தும் சொல்ல முடியாது நிற்கும் மாணவனின் வேதனையை அநுபவித்தவரே அறிவர்.

1916 ஆம் ஆண்டு ஜட்லண்ட் கடற்சமரில், இருபது வயது வாலிபராகப் போர்க்கப்பலில் நின்று கடமை செய்தார். பீரங்கிக்கு அஞ்சாத அவர் மேடைக்கு அஞ்சினார். 1925 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவு விழாவிலே அவர் பேசவேண்டியிருந்தது. முன்னே பெருங்கூட்டம், பேச்சை வானொலி எங்கும் பரப்பிற்று. வாய் திறந்தும் சொல் எழாத இடைவெளிகளை யாவரும் கேட்டனர்.

முன்னரே நிபுணர் பலர் முயன்று தோற்றிருந்தமையால் அவர் நம்பிக்கை இழந்திருந்தார். மனைவியார் எலிசபெத்தின் தூண்டுதலால், 1926 ஒக்டோபரில், இலண்டன் ஹார்லி வீதியில் இருந்த லயனல் லோக் என்பவரிடம் சென்றார். லோக் அவுஸ்திரேலியர், வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். முதலாம் உலகப் போரில் நச்சுப்புகையாலும் குண்டதிர்ச்சியாலும் பேச்சுக் குன்றிய போர்வீரர்களைப் பயிற்றித் தேறியவர். அரசகுமாரர் என்றும் பாராது, தம்மிடமே வந்து பயிலவேண்டும் என்று அவர் விதித்தார்.

கோமகனின் குரல்வளையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசையும் ஒன்றோடொன்று இயைந்து இயங்கவில்லை என்று லோக் கண்டார். ஆகையால் முதற்பாடம் சொல்லன்று, மூச்சே. தினமும் ஒரு மணிநேரப் பயிற்சி. நெஞ்சை மாத்திரம் உயர்த்தாது, நுரையீரலின் அடிவரை காற்றை இழுத்தல். தசைகளை இறுக்காது மெல்ல வெளிவிடுதல். திறந்த யன்னலருகே நின்று உயிரெழுத்து ஒவ்வொன்றையும் பதினைந்து விநாடி நீட்டி ஒலித்தல். இவற்றோடு, இக்குறை தம்மால் ஆகாததன்று என்ற நம்பிக்கையையும் ஆசிரியர் ஊட்டினார். 1927 மே 9 ஆந் திகதி கன்பராவில் பாராளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்தபோது, கோமகன் பெரிதும் தடையின்றிப் பேசினார்.

எனினும் திக்குவாய் அவரை விட்டு அகலவில்லை. 1936 டிசெம்பரில் தமையனார் முடிதுறக்க, விரும்பாத அரசுரிமை அவர் தலையில் விழுந்தது. கன்ரபெரிப் பேராயர் வானொலியில் பேசும்போது புதிய மன்னரின் பேச்சுத் தடையையும் எடுத்துரைத்தார். மறைக்க விரும்பிய குறை உலகறிந்ததாயிற்று. மன்னர் அதற்காக ஒளிந்துகொள்ளவில்லை. 1937 மே 12 ஆந் திகதி முடிசூட்டு இரவிலும், 1939 செப்டெம்பர் 3 ஆந் திகதி போர் மூண்ட மாலையிலும் லோக் அருகிருக்க நாட்டுக்குப் பேசினார். மூச்சு வாங்கவேண்டிய இடங்களை உரையிலே கோடிட்டு வைத்து, இடறும் சொற்களை மாற்றிப் பலமுறை பயின்ற பின்னரே ஒலிவாங்கியின்முன் நின்றார். 1944 ஆம் ஆண்டு நத்தார் உரையை ஆசிரியர் அருகில் இல்லாமலே நிகழ்த்தினார்.

கால் நூற்றாண்டு மூச்சைப் பேணப் பயின்றவர், புகைப்பழக்கத்தை மாத்திரம் விட்டாரில்லை. 1951 செப்டெம்பரில் புற்றுநோய் பற்றிய இடது நுரையீரல் அகற்றப்பட்டது. அவ்வாண்டு நத்தார் உரையை ஒரே மூச்சில் சொல்ல வலியின்றி, சிறிது சிறிதாகப் பேசி முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்தார். எஞ்சிய மூச்சையும் கடமைக்கே செலவிட்டார் எனலாம். 1952 பெப்ரவரி 6 ஆந் திகதி, ஐம்பத்தாறாம் வயதில், உறக்கத்திலே உயிர் நீத்தார்.

திக்குவாய் தவறான மூச்சினாலும் கோழைத்தனத்தினாலும் உண்டாவதன்று. பேச்சை ஒழுங்கமைக்கும் மூளையின் இயக்க வேறுபாட்டினால் உண்டாவது என்றும், பலரிடம் பரம்பரையும் காரணமாகும் என்றும் இக்கால ஆராய்ச்சி கூறுகிறது. சொல் தடைப்படும்போது தசை இறுகும். மூச்சும் உடன் நின்றுவிடும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, பேச்சை இலகுவாகத் தொடங்கவே மூச்சுப் பயிற்சி துணைசெய்கிறது. அது வேரோடு களையும் மருந்தன்று. இடையறாது கைக்கொள்ளவேண்டிய பழக்கம். தகுந்த பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டலும் வேண்டும்.

வாலிப நண்பர்களே, நம் சங்கக் கூட்டங்களிலே பின்வரிசையில் மௌனமாய் அமர்ந்திருப்பவர்களுள் விடை தெரிந்தவரும் இருக்கலாம். அவர் பேச எழுந்தால் நகையாதீர்கள். அவர் சொல்லை நீங்கள் முடித்துவைக்கவும் முந்தாதீர்கள். மூச்சை இழுத்துப் பேசு என்று சபைநடுவே புத்தி சொல்லவும் வேண்டாம். காத்திருங்கள். பெரியோர்களே, பிள்ளை தடுமாறும்போது நீங்கள் காட்டும் பொறுமையே அவனுக்கு முதல் மருந்து. திக்குவாய் உடைய தம்பி தங்கையரே, தடையின்றிப் பேசும் நாள் வரட்டும் என்று வாய்மூடி இராதீர்கள். ஆறாம் ஜோர்ஜ் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை, தடையோடே பேசினார்.