எழுத்தாணியை நிறுத்திய கூரத்தாழ்வான்

காஞ்சிபுரத்துக்கு அருகே கூரம் என்னும் திவ்ய கிராமத்தில், குருபரம்பரைக் கணக்கின்படி கி.பி. 1010ஆம் ஆண்டாகிய ஸௌம்ய வருஷம், தை மாதம், ஹஸ்த நக்ஷத்திரத்தில் திருவவதாரம் செய்தருளியவர் கூரத்தாழ்வான். திருமறுமார்பன் என்பது இவருடைய இயற்பெயர். வடமொழியில் ஸ்ரீவத்ஸாங்கர் என வழங்குவர். பெருஞ்செல்வராய் நாள்தோறும் அன்னதானம் நடத்தி வந்த இவர், அச்செல்வம் முழுவதையும் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து சேர்ந்தார். உஞ்சவிருத்தியால் ஜீவித்துக் கொண்டு எம்பெருமானாராகிய ஸ்ரீராமாநுஜரின் திருவடியே தஞ்சமென்றிருந்தார்.

பிரம்ம ஸூத்திரங்களுக்கு ஸ்ரீபாஷ்யம் அருளிச் செய்யத் திருவுள்ளம் பற்றிய உடையவர், தாம் சொல்லச் சொல்ல ஏடுபடுத்தும் பணியை ஆழ்வானிடம் ஒப்படைத்தார். அப்போது ஒரு நியமமும் விதித்தார். தாம் சொல்வது பொருந்தாததாகத் தோன்றினால், மறுத்துப் பேச வேண்டா. எழுதாமல் நிறுத்தினால் போதும் என்பதே அந்நியமம். ஆசாரியரே சொல்லி, சிஷ்யன் எழுதாமலிருப்பது எளிதோ? அந்தச் சோதனையும் ஒரு நாள் வந்தது.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை விளக்குகையில், அறிவுடைமையே அதன் இலக்கணம் என்று எம்பெருமானார் அருளிச் செய்தார். எம்பெருமானுக்கே உரியவனாயிருத்தல் என்னும் சேஷத்வம் அங்கே சொல்லப்படவில்லை. ஆழ்வானுடைய எழுத்தாணி நின்றது. மீண்டும் சொல்லியும் அது அசையவில்லை. உடையவர் சீற்றங்கொண்டு, இனி நீரே பாஷ்யம் எழுதிக் கொள்ளும் என்று சொல்லித் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்து சென்றார். விழுந்த இடத்திலேயே கிடந்தார் ஆழ்வான். அருகிலிருந்தோர் அவர் நிலையைக் கேட்டபோது, தாம் ஆசாரியருடைய உடைமை, உடைமையை உடையவன் எப்படியும் செய்யலாம் என்று கூறி அமைந்தார். ஆசாரியரை நிந்திக்கவும் இல்லை. அவர் முகத்துக்காகத் தத்துவத்தை மாற்றி எழுதவும் இல்லை. பின்னர்த் தனித்திருந்து ஆராய்ந்த எம்பெருமானார், ஆழ்வான் நின்ற இடமே சரியென்று தெளிந்து, அவரை அழைத்து அணைத்துக் கொண்டு, சேஷத்வம் விளங்கும்படியே எழுதச் செய்தார்.

அன்பின் வழியே வந்த சோதனை அது. அச்சத்தின் வழியே மற்றொன்று வந்தது. தன் ஸமயக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டுமென்று சோழ மன்னன் ஒருவன் எம்பெருமானாரை அழைத்துவர ஆள் அனுப்பினான். ஆழ்வான் ஆசாரியருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, வயது முதிர்ந்த பெரிய நம்பியுடன் அரசவைக்குச் சென்றார். ஓலை நீட்டப்பட்டது. மனத்துக்கு ஒவ்வாததை அங்கும் அந்தக் கை எழுதவில்லை. அதற்கு விலையாகத் திருக்கண்கள் போயின. அதே துன்பத்துக்கு ஆளான பெரிய நம்பி, திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கண்ணிழந்து திருவரங்கம் திரும்பிய ஆழ்வான் பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றார். எம்பெருமானாரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடலாகாது என்று அரசாணை இருந்தது. ஆனாலும் காவலன் ஒருவன், இவர் யாவர்க்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். மௌனமாக உள்ளே சென்றிருக்கலாம். ஆழ்வானோ, தம்மிடம் நன்மை ஏதேனும் உண்டானால் அது எம்பெருமானார் ஸம்பந்தத்தால் வந்ததே என்று கூறி, ஸேவிக்காமலேயே திரும்பிவிட்டார்.

பின்னர்ப் பாண்டி நாட்டுத் திருமாலிருஞ்சோலையில் பல்லாண்டுகள் தங்கி, அழகரைக் குறித்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச் செய்தார். எம்பெருமானார் மேல்கோட்டையிலிருந்து மீண்ட பின், அவருடைய நியமனத்தால் காஞ்சி வரதனைத் துதித்தார். கண்ணைக் கேட்கும்படி ஆசாரியர் அனுப்பியிருக்க, அவர் கேட்டது வேறு. தமக்குத் தீங்கு நேரக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு வாய்க்க வேண்டும் என்பதே அவ்வரம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டிலும் அழகர் வைகையில் இறங்கும் சித்திரைத் திருநாளுக்கு இப்பக்கத்து மக்கள் செல்லத் தவறுவதில்லை. அந்த அழகரின் ஸந்நிதியே ஆழ்வானுக்குத் துயர்க்காலத்தில் நிழல் தந்தது. தறியில் அமர்ந்தாலும், கடையில் கணக்கெழுதினாலும், அலுவலகத்தில் ஒப்பமிட்டாலும், பொய்யென்று தெரிந்ததை எழுதச் சொல்லும் வேளை யாவர்க்கும் ஒரு நாள் வரும். சொன்னவர் பிரியமானவராகவும் இருக்கலாம். பிழைப்பைப் பறிக்க வல்லவராகவும் இருக்கலாம். அப்போது சீறாமல், இகழாமல், எழுத்தாணியை மட்டும் நிறுத்தும் திடம் வேண்டும். பின்விளைவைப் பொறுக்கும் பொறுமையும், தீங்கு செய்தவனுக்கும் நன்மை கோரும் நெஞ்சும் உடன் வேண்டும். உத்ஸவம் ஸேவிக்க வந்துள்ள பாகவதோத்தமர்கள் இவற்றை எம்பெருமானிடம் வேண்டிப் பெற்று உய்வார்களாக.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.