கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - ஜூன் 1961) புகழ் பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். இவர் திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கொல்கத்தாவில் சி. வி. இராமனுடன் இணைந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். திரவங்களில் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறுவதை 1928 இல் கண்டறிந்து, இருவர் பெயரிலும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். எனினும் அது இராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசும் இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940 இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் இவரே. மூலக்கூறுகளை இனங்காட்டும் இராமன் விளைவைக் கொண்டு, புற்றுத் திசுவை நலமான திசுவிலிருந்து பிரித்தறியும் முறைகள் இன்று மருத்துவத் துறையில் ஆராயப்படுகின்றன.