அழுகலுக்குக் காரணம் கண்ட பழ விஞ்ஞானி

கடையில் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருகிறோம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு பழத்தில் நீலப் பூசணம் பூத்திருக்கிறது. தொட்டால் விரல் உள்ளே இறங்குகிறது. நம் வீட்டில் கெட்டது ஒரு பழம். அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியாவிலோ, பெட்டி பெட்டியாகக் கெட்டது! அதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவர்தான் ஜார்ஜ் ஹரால்டு பவல்.

தோட்டக்காரர் மகன்

பவல் 1872-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் பழத் தோட்டம் வைத்திருந்தார். பவல் கார்னெல் பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். 1901-ல் அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவில் சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் ஆராய்ந்தது ஆப்பிள் பழத்தை. குளிர் அறையில் வைத்தால் ஆப்பிள் எத்தனை நாள் தாங்கும் என்று சோதித்தார். பறித்த பழத்தைத் தாமதம் இல்லாமல் குளிரில் வைக்க வேண்டும் என்று கண்டார். 1903-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்.

ஐஸ் வைத்தும் அழுகியது

அந்தக் காலத்தில் கலிபோர்னியா ஆரஞ்சு, சுமார் 3 ஆயிரம் மைல் பிரயாணம் செய்து நியூயார்க் நகருக்குப் போயிற்று. ரயில் பெட்டிகளில் ஐஸ் கட்டிகளை வைத்துப் பழங்களைக் குளிர்ச்சியாக அனுப்பினார்கள். அப்படியும் பழங்கள் அழுகின. ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். ஆண்டு முழுவதும் பாடுபட்ட விவசாயி தவித்தான். ரயில் தாமதமே காரணம் என்றார்கள் சிலர். தட்பவெப்பமே காரணம் என்றார்கள் வேறு சிலர்.

1904-ல் பவல் கலிபோர்னியாவுக்குப் போனார். ரயிலைப் பார்ப்பதற்கு முன் தோட்டத்தைப் பார்த்தார். பழம் பறிக்கும் கைகளைக் கவனித்தார்.

பறிப்பவர்களுக்குப் பெட்டிக் கணக்கில் கூலி. ஆகவே அவர்கள் அவசரம் அவசரமாகப் பறித்தார்கள். கத்தரி முனை பழத்தில் பட்டது. விரல் நகம் கீறியது. நீளமாக விட்ட காம்பு, பக்கத்துப் பழத்தைக் குத்தியது. பெட்டியின் அடியில் கிடந்த சரளைக் கல்லும் குச்சியும் தோலைக் கிழித்தன. காயம் கடுகு அளவுதான். சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஒரே ரயிலில் சோதனை

சில பழங்களை மிகவும் ஜாக்கிரதையாகப் பறிக்கச் செய்தார். சில பழங்களை வழக்கம்போல் பறிக்கச் செய்தார். இரண்டையும் ஒரே ரயிலில் நியூயார்க்குக்கு அனுப்பினார். அங்கே பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள். ஜாக்கிரதையாகப் பறித்த பழங்களில் அழுகல் மிகக் குறைவு. வழக்கம்போல் பறித்தவற்றில்தான் அழுகல் அதிகம். குளிரில் வைக்காமல் சில நாள் போட்டு வைத்த பழங்கள் இன்னும் மோசமாகக் கெட்டன.

காரணம் விளங்கிவிட்டது. பூசணத்தின் வித்துக்கள் தூசியைப் போலக் காற்றில் மிதக்கின்றன. பழத்தின் தோல் ஒரு கோட்டைச் சுவர். சுவர் நன்றாக இருந்தால் இந்தப் பூசணம் சாதாரணமாக உள்ளே நுழைய முடியாது. சிறு கீறல் விழுந்தால் போதும், புகுந்துவிடும். குளிர்ச்சி பூசணத்தைக் கொல்வதில்லை. அது வளரும் வேகத்தைத்தான் குறைக்கிறது.

கூலி முறை மாறியது

முனை மழுங்கிய கத்தரி வந்தது. பறிப்பவர்கள் கையுறை போட்டுக்கொண்டார்கள். காம்பை ஒட்ட வெட்டினார்கள். பெட்டிகளைச் சுத்தம் செய்தார்கள். பல இடங்களில் விவசாயிகள் சங்கமே ஆள் வைத்துப் பழம் பறித்தது. பெட்டிக் கூலிக்குப் பதிலாக நாள் கூலி கொடுக்கும் வழக்கமும் வந்தது. அவசரம் குறைந்தது, காயமும் குறைந்தது. ரயிலில் ஏற்றும் முன்பே பழத்தைக் குளிர வைக்கும் நிலையங்களும் ஏற்பட்டன. பவலின் முழு அறிக்கை 1908-ல் வெளியாயிற்று.

1912-ல் கலிபோர்னியாப் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு அவரைத் தலைமை நிர்வாகி ஆக்கியது. முதல் உலகப் போரின்போது, சீக்கிரம் கெடும் உணவுப் பொருள்களைக் கவனிக்கும் பொறுப்பையும் சர்க்கார் அவரிடம் கொடுத்தது. 1922-ல் பவல் காலமானார்.

காய்கறிக்கும் இதே வழி

இன்று குளிர்சாதனக் கிடங்குகளில் காய்கறிகளைச் சேமிக்கும்போதும் இதே முறைதான். காயம் படாமல் அறுவடை செய்கிறார்கள். அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளுகிறார்கள். பெரும்பாலான காய்களைச் சீக்கிரம் குளிர வைக்கிறார்கள். உருளைக்கிழங்கையோ முதலில் சில நாள் மிதமான சூட்டில் வைக்கிறார்கள். காயம் ஆறி மேல்தோல் கெட்டியான பிறகுதான் குளிரில் வைக்கிறார்கள்.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தாலும் சரி, மூங்கில் கூடை இருந்தாலும் சரி, கீறல் விழுந்த காயை முதலில் சமைத்துவிடுங்கள். நல்ல காயை எடுத்து வையுங்கள்.