கொடுமுடி கோகிலம்

'திருவிளையாடல்' படத்துல பழம் கிடைக்காம கோவிச்சுக்கிட்டு மலைக்குப் போன முருகனை ஒரு ஔவைப் பாட்டி பாடிச் சமாதானப்படுத்தப் பார்ப்பாங்க, ஞாபகம் இருக்கா? டி.வி.யில எத்தனை தடவை போட்டாலும் எங்க ஆயா அந்த இடத்துல அடுப்பைக்கூட மறந்துடுவாங்க. அந்த ஔவைதான் கே.பி.சுந்தராம்பாள். சினிமாவுக்கு வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அவங்க பெரிய நாடக நடிகை.

1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையில இருக்கிற கொடுமுடியில பிறந்தாங்க. அம்மா பேர் பாலாம்பாள். அப்பா சின்ன வயசிலேயே இல்லாமப் போனதால வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். அதனால இந்தச் சிறுமி ரயிலில் ஏறிப் பாடிக் காசு வாங்கினாள். நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது பாடச் சொல்லிப் பார்ப்பாங்க இல்லையா, அவங்களுக்கு அந்தப் பரீட்சை நடந்தது ரயில் பெட்டியிலதான். கரி இன்ஜின் சத்தத்தையும் ஜனங்க பேச்சையும் தாண்டி அந்தக் குரல் கேட்டது. கேட்டவங்க வேலு நாயர் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க.

அப்போ வயசு ஏறக்குறைய பத்து. கிடைச்சது ஆம்பளைப் பிள்ளை வேஷம். 'நல்லதங்காள்' நாடகத்துல மூத்த மகனா வந்து, பசி தாங்காம அம்மாகிட்ட அழுது பாடணும். நிஜமாவே பசியை அனுபவிச்ச பொண்ணு அது. அதுக்கு யார் என்ன நடிப்புச் சொல்லித் தர வேணும்?

அந்தக் காலத்து நாடகம்னா முக்கால்வாசி பாட்டுதான். மைக் கிடையாது, கடைசி வரிசை வரைக்கும் தொண்டையாலதான் எட்டணும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகங்களைப் பாட்டும் வசனமுமா மனப்பாடம் பண்ணணும். அதுக்குப் பேரே 'பாடம்'. பாடம் நல்லாத் தெரிஞ்சவங்க 'ஸ்பெஷல் நாடகம்' போடுவாங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகையே இல்லாம ராத்திரி மேடையில சந்திச்சு விடிய விடிய நடிப்பாங்க! நமக்கு ஒரு மாசம் ஒத்திகை பார்த்தாலே வசனம் மறந்துடுது.

நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துல ஆம்பளைங்கதான் புடவை கட்டித் திரௌபதி வேஷம் போடறதைப் பார்த்திருப்பீங்க. பொம்பளைங்க மேடை ஏறினா ஊர் கேவலமாப் பேசின காலம் அது. அந்தப் பேச்சையும் வாங்கிக்கிட்டுத்தான் அவங்க பாடினாங்க.

1926ல இலங்கையில எஸ்.ஜி.கிட்டப்பாவோட சேர்ந்து நடிச்சாங்க. செங்கோட்டைக்காரர், அவரும் சின்ன வயசிலேயே மேடைக்கு வந்தவர். அவர் பாட்டுக்கு எதிர்ல நிக்க முடியாதுன்னு இவங்களைப் பயமுறுத்தினாங்களாம், இவங்க குரலைச் சொல்லி அவரையும் பயமுறுத்தினாங்களாம். ஆனா 'வள்ளி திருமணம்' நாடகத்துல ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பாடப் பாட ஜனங்க நகரவே இல்லை. 1927ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாங்க, அதனால அந்த வாழ்க்கையில வருத்தமும் நிறைய. 1933ல கிட்டப்பா இறந்துட்டார், வயசு 27தான். இவங்களுக்கு 25. அன்னிலேர்ந்து வெள்ளைப் புடவைதான். எந்த ஆம்பளையோடயும் ஜோடியா நடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க.

ஜோடி இல்லாம எப்படி நடிக்கிறது? அவங்களே ஆம்பளை வேஷம் போட்டுக்கிட்டாங்க! 1935ல வந்த 'நந்தனார்' படத்துல நந்தனாரே அவங்கதான். சம்பளம் 1 லட்சம் ரூபாய். ரயிலில் காலணாவுக்குப் பாடின அதே குரலுக்கு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது.

அப்புறம் 1953ல 'ஔவையார்', 1964ல 'பூம்புகார்', 1965ல 'திருவிளையாடல்'. விடுதலைப் போராட்டத்துல காங்கிரஸ் மேடைகள்ல பாடினாங்க, சட்ட மேலவை உறுப்பினராவும் இருந்தாங்க. 1970ல பத்மஸ்ரீ விருது. 1980ல காலமானாங்க.

இந்த வருஷம் நம்ம ஆண்டு விழாவுல ஔவையார் பாட்டு நாடகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் பாடச் சொல்லி ஆள் எடுக்கறாங்க. முருகன் வேஷத்துக்கு 6 பேர் பேர் கொடுத்திருக்காங்க. ஔவைக்கு இன்னும் ஒருத்தர்கூட இல்லை.